என்னை மயக்கினாள், எனக்கு வைத்தாள்

பிப்ரவரி 10, ஞாயிறு

எம்னா சாயங்காலம் தன் தகப்பன் வீட்டிலிருந்து திரும்பினாள். நகக்கண்ணெல்லாம் மண். காலணியைக் கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றபடியே சொன்னாள்: "உம்மி, உல்ஃபா என்னை மயக்கிட்டாங்க."

அவள் சொன்ன சொல் 'ஸஹ்ரத்னி.' கேட்டதும் நான் செய்த காரியம் என்ன? "தெருப்பேச்சுல சொல்லாதே. 'ஸஹரத்னீ'ன்னு கடைசியை நீட்டிச் சொல்லு" என்று திருத்தினேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒரு சந்தோஷத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறாள். நான் அதில் நெடில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இத்தனை வருஷம் அரபு வாத்தியாராக இருந்தால் வேறு எப்படி இருப்பேன்?

"சரி உம்மி" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். உல்ஃபா அப்படி என்ன செய்து மயக்கினாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டும் போல இருக்கிறது. தூங்கிவிட்டாள்.

எம்னாவின் தகப்பன் லஸாத் என்னை விட்டுப் போய் மூன்று வருஷம். அவன் உல்ஃபாவைக் கல்யாணம் செய்துகொண்டது போன வருஷம்தான். அவள் என் வீட்டை உடைக்கவில்லை. உடைந்து கிடந்த பிறகு வந்தவள். அதனால் அவளைத் திட்டவும் எனக்கு வழியில்லை.

பிப்ரவரி 12, செவ்வாய்

வேண்டுமென்றே வகுப்பில் அந்தச் சொல்லை எடுத்தேன். வேர்ச்சொல் பாடம்தானே, எந்தச் சொல்லாக இருந்தால் என்ன என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பலகையில் 'ஸஹர' என்று எழுதி, "ஆளுக்கொரு வாக்கியம்" என்றேன்.

ஹம்தி என்ற பையன் எழுந்தான். "மேடம், எங்க அண்ணன் கல்யாணமானதுலேருந்து பாத்திரம் கழுவறான். எங்க அம்மா அவனை 'யாரோ மந்திரம் வச்சுட்ட ஆளு'ன்னு சொல்றாங்க."

"பாத்திரம் கழுவினா மந்திரமா?"

"எங்க வீட்ல அது மந்திரம்தான் மேடம். அதுக்கு முன்னாடி அவன் தண்ணிகூட மோந்து குடிச்சதில்ல."

வகுப்பே சிரித்தது. ஒரு பெண் கடலைப் பற்றி அழகாக ஏதோ சொன்னாள். கடைசி வரிசையில் எப்போதும் பேசாமல் இருக்கும் ராவியா கையைத் தூக்கினாள். "மேடம், ரெண்டும் ஒண்ணு இல்லையே. 'ஸஹ்ரத்னி'ன்னா என்னை மயக்கிட்டா, நல்ல வார்த்தை. 'ஸஹ்ரத்லி'ன்னா எனக்கு வச்சுட்டா. அது சூனியம். நடுவுல ஒரு 'ல' வந்தா எங்க பாட்டி உடனே உப்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துடுவாங்க."

ரொம்பச் சரி. அதே வினை, அதே ஆள். மயங்கியவர் செயப்படுபொருளானால் புகழ்ச்சி. ஒரு 'ல'வைச் செருகி 'எனக்கு' என்று ஆக்கினால் குற்றச்சாட்டு. அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

வீட்டுக்கு வந்து பெரிய அகராதியைப் பிரித்தேன். அதே வேரில் விடியலுக்கு முந்தைய இருட்டு, நோன்புக்காரர்கள் அந்த இருட்டில் சாப்பிடும் சாப்பாடு, அப்புறம்—இதை மறந்தே போயிருந்தேன்—நுரையீரல். மயங்குவது என்றால் மூச்சிலே போய் ஒருத்தர் உட்கார்ந்துகொள்வதா?

அந்தப் பெண் என் மகளின் மூச்சில் உட்கார்ந்திருக்கிறாளா?

பிப்ரவரி 17, ஞாயிறு

இன்று எம்னா வந்து சிரித்த சிரிப்பு என்னுடையதும் இல்லை, லஸாத்துடையதும் இல்லை. எங்கே கற்றாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

பிப்ரவரி 27, புதன்

மதியம் வகுப்பு இல்லை. கிரெம்தா சாலையில், அவள் வேலை பார்க்கும் நாற்றுப் பண்ணைக்குப் போனேன். எலுமிச்சங்கன்று வாங்கத்தான் போனேன் என்று இங்கே எழுதி வைக்கலாம். யாரை ஏமாற்ற?

என்ன எதிர்பார்த்தேன்? கண்மை, வாசனைத் தைலம், இடுப்பை வெட்டி நடக்கும் நடை. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், ஈர மண்ணை அள்ளிப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். முன்பல் ஒன்று லேசாகக் கோணல். என்னை நிமிர்ந்து பார்த்தவுடன் எழுந்துவிட்டாள்.

"நீ-நீங்க எம்னாவோட அம்மா."

"எப்படித் தெரியும்?"

"க-க-க—"

"கண்ணா?" என்றேன்.

நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை. ஆனால் ஒரு கதவை மெதுவாகச் சாத்தியது போல இருந்தது. பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

திக்குவாய். இத்தனை நாளில் எம்னா இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. லஸாத்தும் சொன்னதில்லை. என்னிடம் அவன் விரும்பியதாகச் சொன்ன ஒரே விஷயம் என் பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால், "நீ பேசினா எனக்குப் படகு எஞ்சின் சத்தமே கேக்க மாட்டேங்குது" என்பான். கெர்கென்னாத் தீவுப் படகில் எஞ்சின் பார்ப்பவன் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது. அப்படிப்பட்டவன் போய் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாதவளிடம் விழுந்திருக்கிறான்.

நான் மூன்று வாக்கியங்களை அவளுக்காக முடித்துக் கொடுத்தேன். மூன்றும் தப்பு. எலுமிச்சைக்கு எவ்வளவு தண்ணீர் என்று சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் சொல்ல வந்தது எம்னாவைப் பற்றி. கடைசியில் எப்படியோ அதைச் சொல்லி முடித்தாள்.

"எம்னா கா-காத்திருப்பா. நான் சொல்லி மு-முடிக்கிற வரைக்கும். யாரும் அப்படி இ-இருந்ததில்ல."

என் மகளா? சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்த மாத்திரத்தில் எழுந்து ஓடும் என் மகளா?

கன்றுக்கு எவ்வளவு என்றேன். காசு வாங்க மாட்டேன் என்றாள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 3, ஞாயிறு

எம்னாவுக்குத் தம்பியோ தங்கையோ வரப் போகிறதாம். செப்டம்பரில்.

சொல்லும்போது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல விஷயம்தானே" என்றேன். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அவள் நம்பவும் இல்லை.

எம்னாவுக்குப் பிறகு எனக்கு எதுவும் தங்கவில்லை. அதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

மார்ச் 6, புதன்

என் அம்மா வந்திருந்தாள். ஆட்டுக்கறி போட்ட முலூகியா ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாள். எம்னா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உல்ஃபா இதுல ஆரஞ்சுத் தோல் போடுவாங்க" என்றாள். அவ்வளவுதான். அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

எம்னா உள்ளே போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இது சாதாரணம் இல்லடி நஜாத்."

"என்ன சாதாரணம் இல்ல?"

"முதல்ல ஆம்பளைய எடுத்தா. இப்போ பொண்ணு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அங்கதானே திங்குது? என்னத்தைக் கலந்து குடுக்கறாளோ. வச்சுட்டாடி. கண்ணால பாத்தா தெரியலையா?"

வைத்தாள். 'ல' வந்துவிட்டது.

"உம்மி, அவ செடி விக்கிறவ. வாய் திறந்து ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேச வராது."

"பேச வராதவ எப்படி மயக்குவா? அதைச் சொல்லு. நீயே சொல்லு. வாத்தியார்தானே நீ."

சிரித்தேன். அம்மா போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. பேச்சு இல்லை, அழகு இல்லை, பணம் இல்லை, படிப்பு இல்லை. எனக்குத் தெரிந்த எந்த வழியிலும் அவளால் மயக்க முடியாது. அப்படியென்றால்? எனக்குத் தெரியாத வழி என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்?

இப்படி யோசிப்பது முட்டாள்தனம் என்று தெரிந்துதான் யோசிக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

அம்மா மறுபடி வந்தாள், நடு மதியத்தில், எம்னா பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து. பழைய ஊருக்குள் மந்திரிக்கிற ஒரு பெண்ணிடம் போய் வந்திருக்கிறாள். கைக்குட்டையைப் பிரித்தாள். ஈயத் தகடு சுற்றிய சின்னப் பொட்டலம். அதன் மேல் கறுப்பு நூல், முடிச்சு முடிச்சாக.

"கெட்டது ஒண்ணும் இல்ல. பொண்ணு மனசு தாய் பக்கம் திரும்பணும், அவ்வளவுதான் கேட்டேன். சட்டை மடிப்புல வச்சுத் தைச்சுடு."

"எடுத்துக்கிட்டுப் போங்க உம்மி. யாராவது பாத்தா என் வேலை போயிடும்."

"சரி, வேண்டாம்னா குப்பையில போடு" என்று அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

குப்பையில் போடவில்லை. நாளைக்குப் போடலாம்.

மார்ச் 13, புதன்

தைத்துவிட்டேன். எம்னாவின் பச்சை மேல்சட்டையில், இடது பக்க உள்துணியில். தையலும் சுத்தமாக வந்தது.

மார்ச் 16, சனி

வசந்த விடுமுறை. முதல் வாரம் தகப்பன் வீட்டில் என்று போன வருஷமே பேசி வைத்தது. பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போனாள். வாசலில் திரும்பி வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். வழக்கமாகக் கொடுக்க மாட்டாள்.

வேலை செய்கிறதோ?

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். 'வேலை செய்கிறதோ.' இதை எழுதியது நான்தான்.

மார்ச் 20, புதன்

லஸாத் போன் செய்தான். அவன் என்னைக் கூப்பிட்டு மாதக்கணக்காகிறது. ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"நீயா வச்சே?"

"என்ன?"

"நஜாத், நடிக்காதே. சட்டையில உள்துணி பிஞ்சிருக்குன்னு உல்ஃபா தைக்க எடுத்திருக்கா. உள்ளேருந்து விழுது. முடிச்சுப் போட்டு, ஈயம் சுத்தி. அவ மாசமா இருக்கறது உனக்குத் தெரியும். போன வருஷம் ஒண்ணு கலைஞ்சு போனது உனக்குத் தெரியாது, இப்போ தெரிஞ்சுக்கோ. ரெண்டு நாளா அவளுக்கு ரத்தம் படுது. படுத்தே கிடக்கறா. ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறா. 'அ-அவங்க எனக்கு வச்சுட்டாங்க'ன்னு அழறா."

"அது உங்களுக்கு இல்ல. அது எம்னாவுக்கு—"

"எம்னாவுக்கா? சொந்தப் பொண்ணுக்கா?" என்றான். பிறகு, "படிச்சவளா நீ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அவள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று கேட்டதும் நெஞ்சுக்குள் ஒரு சூடு ஓடியது. வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது சூடு—நல்லா வேணும்னு ஒரு சூடு. மாசமா இருக்கறவடி அவ. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 21, வியாழன்

எம்னாவோடு பேசினேன். போனில்தான். ஒவ்வொரு சொல்லாக நிதானமாகச் சொன்னாள். இப்படி நிதானமாகப் பேச எப்போது கற்றாள்?

"அவங்க என்னை மயக்கினாங்க உம்மி. நீ எனக்கு வச்சே."

வகுப்பில் ராவியா சொன்ன அதே வித்தியாசம். என் மகள் அந்த வகுப்பில் இல்லை. இதை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை போலிருக்கிறது.

"வீட்டுக்கு வா, பேசுவோம்."

"வர மாட்டேன்."

மார்ச் 23, சனி

விடுமுறையின் என் பங்கு இன்று தொடங்க வேண்டும். எம்னா வரவில்லை.

அம்மா காலையிலிருந்து இங்கேதான். "கோர்ட்டு உன்கிட்டதானே குடுத்திருக்கு? போலீஸைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பொண்ணைத் தூக்கிட்டு வா. பாத்தியா, நம்மளுதைவிட அவ வச்சது பெருசு. நம்ம கட்டு நிக்கல."

"உம்மி, போதும். வீட்டுக்குப் போங்க."

"நான் யாருக்காகடி—"

"தெரியும். எனக்காகத்தான். போங்க."

அம்மாவிடம் குரல் உயர்த்தினேன். அழுதுகொண்டே போனாள். தைத்தது அவள் இல்லை. ஊசி என் கையில்தானே இருந்தது.

மார்ச் 24, ஞாயிறு

போனேன்.

கதவைத் திறந்தவள் எம்னா. வழி விடாமல் நின்றாள். "பாபா படகுல போயிருக்கார். சாயங்காலம்தான் வருவார்."

"உங்க பாபாவைப் பாக்க வரல. உல்ஃபாவைப் பாக்கணும்."

"எதுக்கு?"

என் மகள் என்னைப் பார்த்து எதுக்கு என்று கேட்கிறாள், ஒரு வீட்டுக்குக் காவல் நிற்பவள் போல. உள்ளேயிருந்து, "வ-வரட்டும்" என்று குரல் வந்தது.

கட்டிலில் காலடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பண்ணையில் பார்த்த பெண்ணில் பாதிகூட இல்லை. அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குள் வைத்திருக்கப் பயந்து, மாடியில் ஒரு பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்களாம். தூக்கி எறியவும் பயம். எறிந்தால் கட்டு இறுகிவிடும் என்று யாரோ சொன்னார்களாம்.

நான் தயார் செய்துகொண்டு போனது ஒரு பேச்சு. ஈயம் வெறும் ஈயம், நூல் வெறும் நூல், உங்கள் ரத்தப்போக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, டாக்டர் சொன்னபடி ஓய்வெடுங்கள், என்னை மன்னியுங்கள். நல்ல பேச்சு. முழுவதையும் சொன்னேன். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் கையைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"மே-மேடம். வச்சவங்கதான் எ-எ-எடுக்க முடியும்னு சொல்றாங்க. கு-குழந்தையை மட்டும் வி-விட்டுடுங்க."

இந்தத் தடவை நான் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவில்லை. முடிக்க முடியவில்லை என்பதுதான் நிஜம். அவள் என்னை நம்புகிறாள். என் மாணவர்கள், என் புருஷன், என் அம்மா, யாரும் என் சொல்லுக்கு இவ்வளவு சக்தி இருப்பதாக இதுவரை நம்பியதில்லை.

"எம்னா, ஒரு கிண்ணத்துல தண்ணி. உப்பு. மாடியில இருக்கறதை எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

எம்னா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் போனாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உல்ஃபாவின் கண் முன்னாலேயே நூலை அவிழ்த்தேன். கத்தரியால் வெட்டியிருக்கலாம். வெட்டவில்லை, ஒவ்வொரு முடிச்சாக நகத்தால் பிரித்தேன். விரல் நுனி சிவந்துவிட்டது. தகட்டுக்குள் ஒரு சின்னக் காகிதம், குங்குமப்பூ மையில் கோடுகள். எழுத்துகூட இல்லை, வெறும் கிறுக்கல். அதை உப்புத் தண்ணீரில் போட்டேன். மை கரைந்து தண்ணீர் மஞ்சளாயிற்று. பிறகு சின்ன வயதிலேயே எல்லோருக்கும் மனப்பாடமாகிவிடும் குர்ஆனின் அந்த இரண்டு காப்பு சூராக்களை ஓதினேன். வகுப்பில் ஓதிக் காட்டுவது போல, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் இடத்திலிருந்து எடுத்து, அவசரப்படாமல். முடிச்சுப் போட்டு ஊதுகிறவர்களின் தீங்கிலிருந்து காவல் கேட்கும் இடத்தில் முகம் சுட்டது. நிறுத்தாமல் ஓதி முடித்து, "எடுத்துட்டேன். இனிமே ஒண்ணும் இல்ல. என் பொண்ணு மேல சத்தியம்" என்றேன்.

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். வயிற்றின் அடியிலிருந்து வந்த மூச்சு. தோள் இறங்கியது. ஐந்தே நிமிஷத்தில் தூங்கிப் போனாள், என் கையை விடாமலே.

நான் செய்தது என்ன? சூனியம் இல்லை என்று தெரிந்தவள், இல்லாத சூனியத்தை எடுத்தேன். பொய்தான். ஆனால் அந்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன்.

சமையலறையில் எம்னா நின்றுகொண்டிருந்தாள். "பசிக்குதா உம்மி?" என்றாள். ரொட்டியில் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதும் எண்ணெயும் தடவிக் கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டேன். மஞ்சள் தண்ணீரை இரண்டு பேருமாகக் கடற்கரைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தோம்.

மார்ச் 25, திங்கள்

எம்னா பையோடு வந்துவிட்டாள். பச்சைச் சட்டையை மட்டும் எடுத்து வரவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

ரத்தப்போக்கு நின்றுவிட்டதாம். குழந்தை நன்றாக இருக்கிறதாம். எம்னா சொன்னாள்.

பேசுகிறாள், ஆனால் பழைய மாதிரி இல்லை. நான் ஒரு பாத்திரத்தைத் திறந்தால்கூட அவள் கண் ஒரு நொடி அதற்குள் போய் வருகிறது. உப்புப் போடும்போது பார்க்கிறாள். இதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. நேற்றுச் சாப்பாட்டின் நடுவில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் யோசித்துக்கொண்டு நின்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: பள்ளியில் ஒரு பெண் இவளோடு பேசுவதில்லையாம், குளிர்காலத்திலிருந்தே. இதை நான் இவ்வளவு நாள் கேட்டதே இல்லையா, இல்லை, அவள் ஆரம்பிக்கும் போதெல்லாம் நானே முடித்து வைத்தேனா?

ஜூன் 5, புதன். பெருநாள்

நோன்பு முடிந்தது. தொழுகைக்குப் பிறகு எம்னா தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள், கையில் உல்ஃபா கொடுத்தனுப்பிய ஷர்மூலாத் தொக்கு ஒரு ஜாடி. உப்பு மீனுக்குத் தொட்டுக்கொள்ள நான் செய்ததும் இருந்தது. இரண்டையும் மேஜையில் வைத்தேன். எம்னா உல்ஃபாவுடையதையே தொட்டுச் சாப்பிட்டாள். நானும் தொட்டுப் பார்த்தேன். திராட்சை கொஞ்சம் தூக்கல். வெங்காயம் நன்றாகக் கரைந்திருக்கிறது. என்னுடையதைவிட நன்றாகவே கரைந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் எம்னா கேட்டாள். "உம்மி, கோடை முழுக்க நான் அங்க இருக்கட்டுமா? டாக்டர் அவங்களை எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். பாபா பாதி நாள் தீவுலேயே இருக்கார்."

"வேற யாரும் இல்லையா அவங்களுக்கு?"

"அம்மா இல்ல. அக்கா பாரிஸ்ல."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்ட உரிமை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை இங்க வந்துடணும்" என்றேன்.

இப்போது நான் ஞாயிற்றுக்கிழமைக்காரி.

ஜூலை 21, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. எம்னா வந்தாள், கறுத்துப் போயிருக்கிறாள். உல்ஃபா, உல்ஃபா, உல்ஃபா. எண்ணாமல் இருக்கப் பார்த்தேன். தர்பூசணி வெட்டினேன். எனக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. போய்விட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எம்னாவைக் கொண்டுவிடப் போனபோது உல்ஃபா வாசலுக்கு வந்தாள். வயிறு நன்றாக மேலே ஏறியிருக்கிறது. அக்கா என்று கூப்பிட்டாள். மேடம் போய்விட்டது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அரை மணி நேரம் நின்று பேசினோம். பேசியதில் பாதி மௌனம்தான். ஒரு சொல் வந்து சேர்வதற்காக அவளோடு நின்றுகொண்டிருக்கையில், எதிராளி நம்மை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டு பேசுகிறாள் என்பது தெரிகிறது. அவள் சொல்வது எதுவும் வீணாக வருவதில்லை. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒருவர் பொய்யோ புறணியோ சொல்ல மாட்டார். 'நீங்க வந்தது ச-சந்தோஷம்' என்று அவள் சொல்லும்போது, அதற்கு அவள் எவ்வளவு செலவழித்தாள் என்று கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதுதானா? இவ்வளவுதானா அந்த மயக்கம்?

வீடு வரும் வரை அவளை வெறுக்க முயற்சி செய்தேன். கொஞ்சம்தான் முடிந்தது.

செப்டம்பர் 12, வியாழன்

எம்னா போன் செய்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "உம்மி, காத்து அதிகம்னு படகை நிறுத்திட்டாங்க. பாபா தீவுல மாட்டிக்கிட்டார். அவங்களுக்கு வலி வந்துடுச்சு. நீ வா."

கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். டாக்ஸியில் உல்ஃபா நடுவில், நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கம். வலி வரும்போது அவள் எம்னாவின் கையைத்தான் பிடித்தாள். என் கை சும்மா இருந்தது.

மருத்துவமனையில் நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு, பொண்ணோட அம்மாவா?"

எனக்கு நாற்பத்திரண்டு வயது. இவளுக்கு அம்மாவாம். வாயைத் திறப்பதற்குள் உல்ஃபா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அ-அக்கா."

"அப்போ நீங்க உள்ள வாங்க. சின்னப் பொண்ணு வெளியில."

உள்ளே என்ன நடந்தது என்பதை எழுதப் போவதில்லை. அது அவளுடையது. நான் பேசியது ரொம்பக் குறைவு. அவள் கத்தியபோது ஒரு சொல்கூடத் திக்கவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். லஸாத்தையும் அவன் படகையும் அவள் திட்டிய திட்டு அத்தனை சுத்தமாக வந்தது. நானே சிரித்துவிட்டேன். வலிக்கு நடுவில் அவளும் சிரித்தாள்.

பெண் குழந்தை. தலை நிறைய முடி.

எம்னாவை உள்ளே விட்டார்கள். கழுவித் துணி சுற்றிய குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். வாங்கினாள். அப்புறம் அசையவில்லை. உல்ஃபா அவளைக் கூப்பிட்டாள், கேட்கவில்லை. நான் கூப்பிட்டேன், கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அந்தச் சின்ன முகத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரில் யாரையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை.

உல்ஃபா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"போ-போயிட்டா அக்கா" என்றாள்.

"ஆமாம். போயிட்டா."

செப்டம்பர் 13, வெள்ளி

லஸாத் காலைப் படகில் வந்து சேர்ந்துவிட்டான். எனக்கு நன்றி சொல்ல வந்து, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் என் பையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரை நடந்தான்.

பிரசவித்தவளுக்கு ஸரீர் கிளறிக் கொடுக்க அவள் பக்கத்தில் யாரும் இல்லை. எள்ளும் தேனும் வெண்ணெயும் வாங்கி வந்தேன். எள்ளைச் சட்டியில் போட்டதும் அம்மா வந்தாள். யாருக்கு என்று கேட்டாள், சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "தீயைக் குறைடி, கருகுது" என்று எழுந்து வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

மதியம் எம்னா போன் செய்தாள். குழந்தை கொட்டாவி விட்டதாம். தும்மியதாம். இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்ததாம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி திறப்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. தங்கையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டாள்.

இதைச் சொல்லிப் புலம்ப எனக்கு உடனே ஒருத்தி வேண்டியிருந்தது. உல்ஃபாவைக் கூப்பிட்டேன்.